அம்மாவின் முகத்தில் 87 ஓட்டைகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அம்மா நன்றாக இருக்கிறாள். 71 வயது. காலையில் இரண்டு கட்டன் சாயா குடிக்கிறாள். பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் விளைக்குள் கால் வைத்தால் ரோடு வரைக்கும் துரத்துகிறாள்.

இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் முகத்தைத் திண்ணையில் சாய்த்துக் காய வைத்திருந்தேன். பலகையில் அறுத்தெடுத்த முகம். பின்னால் கறுப்புப் பெயின்ட் அடித்த இன்னொரு பலகை. தெருவில் போன மாமி ஒருத்தி அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குடையை மடக்கினாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப மக்கா?"

"எது மாமி?"

"புதன்கிழமைகூட கடையில வச்சுப் பாத்தேனே..."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அம்மா "யாருலே அது?" என்று குரல் கொடுத்தாள். மாமி என் கையை உதறிய வேகத்தில் குடை கீழே விழுந்தது.

நம் ஊரில் ஒரு முகம் மட்டும் கறுப்பு வெள்ளையில் தனியாகச் சட்டத்துக்குள் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாலையும் மினுக்கு பல்பும் மட்டுமே பாக்கி. மூன்று மாதம் இந்த வேலையில் முங்கிக் கிடந்தவனுக்கு அது ஒருநாள்கூடத் தோன்றவில்லை. சரி, இந்தக் கதையில் அது கடைசித் தப்பு. அதற்கு முன்னால் நிறைய இருக்கின்றன.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. கையால் செய்த பொருள் என்று காட்ட வீட்டில் ஒன்றும் கிடையாது. மரவேலை வீடியோ பார்க்கும் பழக்கம் மட்டும் இருந்தது. பார்த்துப் பார்த்து ஒருநாள் ₹12,000 சொச்சம் கொடுத்து 16 அங்குல ஸ்க்ரோல் சா ஒன்றை, அதாவது பலகையை வளைவு நெளிவாக அறுக்கிற வாள் மெஷினை, வரவழைத்துவிட்டேன். 16 அங்குலம் என்பது வாளின் நீளம் இல்லை. வாளுக்கும் மெஷினின் பின்பக்கத் தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஏ4 அளவுப் பலகையை எங்கும் முட்டாமல் முழுச் சுற்றுத் திருப்ப அது போதும். வாள் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான்; 5 அங்குல நீளத்தில் பல் வைத்த கம்பி, அவ்வளவுதான். மேலும் கீழும் ஒரு பிடி. மோட்டார் அதை நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை ஏற்றி இறக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இது தையல் மெஷினாக்கும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. மேலே நீண்ட கை, கீழே மேசை, நடுவில் ஏறி இறங்கும் ஊசி, துணியை அழுத்திப் பிடிப்பது போல் பலகையை அழுத்த ஒரு கால். நாற்பது வருடம் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்கே ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்தவள் அவள். பார்த்த உடனே புரிந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளில் காலால் மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாக்கள் இருந்தன என்று பிற்பாடு படித்தேன். அவற்றின் படங்களை அம்மாவிடம் காட்டியிருந்தால் எண்ணெய் எங்கே விட வேண்டும் என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

முதல் நாள் பிளேடைத் தலைகீழாக மாட்டினேன். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் வாள் இறங்கும்போது பலகையை மேசையோடு அழுத்திக்கொண்டு அறுக்கும். மாறி மாட்டினால் ஒவ்வொரு ஏற்றத்திலும் பலகையைத் தூக்கிக் குத்தும். எனக்குக் குத்தியது. தவளையைப் பிடித்து வைத்துக்கொண்டு அறுப்பது போலிருந்தது. பல் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது என்பதால் விரலால்தான் பார்க்க வேண்டும்: கீழிருந்து மேலே மெல்லத் தடவும்போது பிடித்து இழுத்தால் சரி, வழுக்கிக்கொண்டு போனால் தப்பு. முறுக்கு எவ்வளவு என்பதற்குக் காதுதான் கணக்கு. சுண்டினால் வீணைக் கம்பி மாதிரி 'டிங்' என்று வர வேண்டும்.

அதற்கடுத்த ஏமாற்றம் பிளேடு. மெஷினோடு வந்தவை எல்லாம் இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஆணி வைத்தவை. மாட்டுவது சுலபம். ஆனால் முகத்தின் உள்ளே ஓட்டை போட்டு அதன் வழியாக வாளைக் கோர்க்க வேண்டுமே. அந்த ஆணி நுழைய ஏறக்குறைய பென்சில் கனத்துக்கு ஓட்டை வேண்டும். பென்சில் கனத்தில் ஓட்டை போட்டால் கண்ணுக்குள் கண் இருக்காது. ஆணி இல்லாத வெறும் முனைப் பிளேடுகள் தனியாகக் கிடைக்கின்றன, டஜன் கணக்கில். வாங்குகிறவர்கள் முதலிலேயே அந்த வகைப் பிளேடு மாட்டும் வசதி மெஷினில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் மெஷினில் இருந்தது அதிர்ஷ்டம். நான் பார்த்து வாங்கவில்லை.

பழகுவதற்கு முதலில் சாளை மீன் வடிவம் அறுத்தேன். கோடு ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம் போனது. என் கைதான் கோணல் என்று நினைத்தேன். கை மட்டும் காரணம் இல்லையாம். தகட்டில் பல்லை வெட்டி எடுக்கும்போது ஒரு பக்கம் பிசிர் தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் கூர்மை கூடுதல், அதனால் வாள் அங்கேயே இழுக்கும். நேர்கோடு வேண்டுமென்றால் பலகையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுக்க வேண்டும். எந்தப் புதுப் பிளேடு மாட்டினாலும் ஒரு துண்டுப் பலகையில் ஓட்டி எவ்வளவு சாய்வு என்று கைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

நான்காவது மீனின் வால் ஒடிந்தபோது அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளாத. அதுவா போவும். நீ திருப்பி மட்டும் குடு."

அவ்வளவுதான் பாடம். எத்தனையோ வீடியோவில் அரைமணி நேரம் சொன்னதை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். ஐந்தாவது மீன் மீன் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் முகம் அறுக்கும் ஆசை வந்தது. யாருடைய முகம் என்று யோசிக்கவே இல்லை.

இதன் அடிப்படை எளிமையானது. புகைப்படத்தில் இருட்டாக இருக்கும் இடங்களை வெட்டி எடுத்துவிடுவது, வெளிச்சமாக இருக்கும் இடங்களை மரமாகவே விட்டுவிடுவது. பின்னால் இருண்ட நிறத்தில் எதையாவது வைத்தால் ஓட்டைகள் நிழலாகிவிடும். மூக்குக்கோ உதட்டுக்கோ கோடு எதுவும் கிடையாது. நிழல் மட்டும்தான். நிழல் இல்லாத படத்தில் அறுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது இதில் அடங்கியிருக்கிறது. அது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது.

நான் முதலில் எடுத்தது அம்மாவுக்குப் பிடித்த ஸ்டுடியோ படம். தங்கை கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. பட்டுப் புடவை, பவுடர், இரண்டு பக்கமும் பெரிய விளக்கு. முகம் முழுக்க ஒரே வெளிச்சம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டு கண்ணும் தலைமுடியும் மட்டும் மிஞ்சின. நடுவில் கொழுக்கட்டை மாதிரி வெள்ளை. நம் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டுகிற படங்கள் பெரும்பாலும் இப்படித்தான். நிழல் விழக்கூடாது என்றுதானே காசு கொடுத்து எடுத்திருக்கிறோம்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் தங்கையிடம் சொன்னபோது அவள் போனில் இருந்து வேறொரு படம் அனுப்பினாள். அம்மா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். ஜன்னல் இடது கையோரம். முகத்தின் ஒரு பாதியில் காலை வெளிச்சம், மறுபாதி நிழலில். பின்னால் அறை இருட்டு. அம்மாவுக்கு அந்தப் படம் ஆகவே ஆகாது. "வீட்டுச் சேல, சீவாத தல, அதைப் போயி யாருக்கும் அனுப்பாத" என்று தங்கையைத் திட்டியிருக்கிறாள். வாளுக்கு ஏற்ற படம் அதுதான்.

ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் த்ரெஷோல்ட் என்று ஒரு வசதி உண்டு. படத்தின் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். நாம் ஓர் எல்லை வைத்தால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் கறுப்பு, மேலே உள்ளதெல்லாம் வெள்ளை. 127-ல் வைத்தேன், நிழல் பக்கக் கன்னம் மொத்தமாக இருட்டில் போனது. 90-க்கு இறக்கினேன், கன்னம் வந்தது, வெளிச்சப் பக்க மூக்கைக் காணோம். எந்த ஒரே எண்ணிலும் ஒரு முகம் முழுதாக நிற்பதில்லை. கண்ணுக்கு ஓர் எண், தாடைக்கு ஓர் எண், சேலை மடிப்புக்கு வேறோர் எண். மூன்று பிரதி எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அங்கங்கே அழித்து அழித்துச் சேர்த்தேன். நரைமுடி தனித் தொந்தரவு. நெற்றியும் வெள்ளை, முடியும் வெள்ளை, எல்லை எங்கே? வகிட்டிலிருந்து பின்னால் ஓடும் நான்கைந்து நிழல் இழைகளைக் கையால் வரைய வேண்டியதாயிற்று. பின்புற இருட்டுதான் தலையின் வடிவத்தைக் காப்பாற்றியது.

இந்த இடத்தில்தான் நான் பெரிய தப்பைச் செய்தேன். தப்பு என்றுகூடத் தெரியாமல், பாசத்தில் செய்தேன். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பு, கீழுதட்டுக்கு அடியில் பிறை மாதிரி ஒரு நிழல், கண்ணுக்குக் கீழே இருந்த பை. அறுத்தால் இவை எல்லாம் ஓட்டை. அம்மா முகத்தில் இத்தனை ஓட்டையா என்று மனசு கேட்கவில்லை. மடிப்பைச் சின்னதாக்கினேன், பையை அழித்தேன், உதட்டு நிழலை எடுத்தேவிட்டேன். அழகாக இருந்தது. பிரின்ட் எடுத்து அம்மாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அவ மொகத்தத்தான் செய்யுதியா?" என்றாள்.

"யாரு?"

"ஒனக்க சித்தி."

உண்மையிலேயே அது சித்திதான். அம்மாவைவிட ஒன்பது வயது இளையவள். அம்மாவின் வயதைக் குறைக்கப் போய், ஆளையே மாற்றிவிட்டேன். எடுத்த நிழல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்த்தேன். பையை வைத்தேன், சித்தி கொஞ்சம் களைத்த சித்தியானாள். மடிப்பை வைத்தேன், இரண்டு பேருக்கும் நடுவில் யாரோ ஒருத்தி. கீழுதட்டுக்கு அடியில் அந்தப் பிறையை வைத்த கணம் அம்மா வந்துவிட்டாள். கண்ணில்தான் ஆள் இருக்கிறார் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். என் அம்மா உதட்டுக்குக் கீழே ஒன்றரை சென்டிமீட்டரில் இருந்தாள்.

அடுத்தது தீவுகள். கறுப்பு எங்கே வேண்டுமானாலும் தனியாக நிற்கலாம், அது வெறும் ஓட்டை. வெள்ளை அப்படி நிற்க முடியாது. கறுப்புக்கு நடுவில் வெள்ளை தனியாக இருந்தால், சுற்றி அறுத்து முடித்ததும் பொத்தென்று கீழே விழுந்துவிடும். மீன்பிடிப் படகிலும் லாரியிலும் தகரத்தை வெட்டி எண் அடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள்: 0, 8 எல்லாம் இரண்டு இடத்தில் அறுபட்டு நிற்கும். நடுவில் உள்ள தகரம் விழாமலிருக்கப் போடும் பாலம் அது. முகத்திலும் ஒவ்வொரு வெள்ளைத் திட்டுக்கும் எங்கிருந்தாவது பாலம் வேண்டும்.

தீவைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மென்பொருளில் வாளிக் கருவியை எடுத்து, வெள்ளையில் எங்காவது ஓரிடத்தில் மஞ்சளைக் கொட்ட வேண்டும். மடை திறந்த தண்ணீர் வயல் வயலாகப் பாய்வது போல, தொடர்பு இருக்கும் இடமெல்லாம் மஞ்சள் ஓடும். எது வெள்ளையாகவே மிஞ்சுகிறதோ அது தீவு. எனக்கு 23 மிஞ்சின. சிலதை அழித்தேன், சிலதைப் பக்கத்தில் இருந்ததோடு சேர்த்தேன். அழிக்கவே முடியாதவை இரண்டு: கண்மணியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த பொட்டுகள். அவை போனால் கண் குருடு. மேல் இமையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஆளுக்கொரு பாலம் போட்டேன். ஒரு மில்லிமீட்டர் என்பது கம்ப்யூட்டர் திரையில் பார்க்கும்போது நல்ல அகலமாகத்தான் தெரிகிறது.

கழுத்து இன்னொரு கவலை. தாடைக்குக் கீழே பெரிய நிழல், அதாவது பெரிய ஓட்டை. பின்புற இருட்டும் ஓட்டை. தலை நிற்பது கழுத்தோரம் உள்ள ஒரு கீற்றில் மட்டும். கொண்டையைக் கொஞ்சம் தாழ்த்தி முந்தானையின் விளிம்பில் தொட வைத்தேன். இரண்டாவது கால் கிடைத்தது. நிஜத்தில் அம்மா அவ்வளவு தாழக் கொண்டை போடுவதில்லை; அவளும் அதைக் கவனித்துச் சொல்லிவிட்டாள்.

பலகைக்கு எங்கள் ஆசாரி அண்ணனிடம் போனேன். வீட்டு நிலை, கதவெல்லாம் அவர் செய்தது. அயனிப் பலகை ஒன்றை எடுத்துத் தடவிக் காட்டினார். அழகான மஞ்சள். ஆனால் நான் கொண்டுபோன தாளைப் பார்த்ததும் அவரே திரும்ப வைத்துவிட்டார். மரத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு. அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லிய பாலம் வந்தால் பிஸ்கட் மாதிரி ஒடியும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்கே ஒட்டியிருப்பதால் எந்தப் பக்கமும் ஓரளவு தாங்கும். கடையில் 4 மி.மீ. சாதா பிளை வாங்கிப் போனேன். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். "இதுக்கு உள்ள காத்து கெடக்கு தம்பி." உள் அடுக்கில் துண்டுகள் சேராமல் விட்ட இடைவெளி. அங்கே கண் வந்தால் கதை முடிந்தது. கடைசியில் பிர்ச் மரப் பிளை வரவழைத்தேன். விலை அதிகம்தான். வெளிர் நிறம், உள்ளே அடைசல் ஒழுங்காக இருக்கிறது. மரம்தான் இங்கே வெளிச்சம் என்பதால் நிறம் வெளிறியே இருக்க வேண்டும்.

பலகை முழுக்க மாஸ்க்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் தாளை ஒட்டினேன். வேலை முடிந்ததும் டேப்போடு தாள் உரிந்து வந்துவிடும், மரத்தில் பசை படியாது. அப்புறம் 1.5 மி.மீ. டிரில் பிட்டால் ஒவ்வொரு கறுப்புக்குள்ளும் ஓர் ஓட்டை. அடியில் ஒரு கழிவுப் பலகை வைத்துக்கொண்டு போட்டால் பின்பக்கம் சிலும்பாது. எண்ணிக்கொண்டே போட்டேன், 87.

87 ஓட்டை என்றால் 87 தடவை பிளேடின் மேல் முனையைக் கழற்றி, பலகையை மேலிருந்து கோர்த்து, திரும்ப மாட்டி, முறுக்கேற்ற வேண்டும். அறுக்கும் நேரத்தைவிடக் கோர்க்கும் நேரம் அதிகம். "ஊசியில நூலு கோக்கதுக்கு எனக்கக் கண்ணு போச்சு, ஒனக்கு இதுல போவும்" என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை நேரம் வேறு. கரண்ட் போகும், வரும். ஈரத்தில் 4 மி.மீ. பலகை அப்பளம் மாதிரி வளையும் என்பதால் ராத்திரி அதன்மேல் அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் படுப்பேன்.

சின்னதை முதலில், நடுவிலிருந்து வெளியே என்பது இதில் முறை. கண், மூக்கு, வாய் முடித்து, பின்புறப் பெரிய இருட்டைக் கடைசியில் எடுக்க வேண்டும். பலகைக்குப் பலம் இருக்கும்போதே நுணுக்கத்தை முடித்துவிடுவதற்காக. எனக்கு இது தெரியும். தெரிந்தே, பெரிய துண்டு விழுவதைப் பார்க்கும் ஆசையில், பின்புற இருட்டை முதல் ஞாயிறே அறுத்தேன். விழுந்தபோது நன்றாகத்தான் இருந்தது. அடுத்து இடது கண்ணுக்குப் போனால், பிடிமானம் போன தலை முறத்தில் புடைக்கிற அரிசி மாதிரி குதிக்கிறது. அறுத்த துண்டைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்து டேப் ஒட்டினேன். ஆட்டம் நின்றது. அதிலிருந்து எந்தப் பெரிய கழிவையும் கடைசிவரை தூர எறிவதில்லை.

இன்னொரு சிக்கனமும் கற்றுக்கொண்டேன். 4 மி.மீ. பலகை பிளேடில் ஒரே இடத்துப் பல்லைத்தான் திரும்பத் திரும்பத் தேய்க்கிறது. மீதிப் பல் சும்மா இருக்கிறது. மெஷின் மேசைமேல் 12 மி.மீ. பலகை ஒன்றைப் பொருத்தி, நடுவில் வாள் நுழைய மட்டும் ஓட்டை விட்டேன். இப்போது வேறு பல் வேலை செய்கிறது, பிளேடுக்கு இரண்டாவது ஆயுசு. கூடவே, மேசையின் பெரிய ஓட்டை மூடப்பட்டதால் மெல்லிய பாலங்களுக்கு அடியில் தாங்கல் கிடைத்தது. இதை முதல் ஞாயிறே செய்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

வலது கண். மேல் இமை முடிந்தது, கண்மணியின் இடப்பக்கம் முடிந்தது, வெளிச்சப் பொட்டைச் சுற்றி வருகிறேன். வாள் கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது. மழுங்கிவிட்டது, மாற்றியிருக்க வேண்டும். இன்னும் ஒரு சுற்றுத்தானே என்று தள்ளினேன். தள்ளாதே என்று சொன்னவள் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சின்னதாக 'டிக்' என்று ஒரு சத்தம். பாலம் ஒடிந்தது. பொட்டு இல்லை.

மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அரிசிக் குறுநொய்யைவிடச் சின்னத் துண்டு. தரை முழுக்க மரத்தூள். தூளை மொத்தமாகக் கூட்டி அள்ளி, அடுக்களையிலிருந்து மாவரிப்பை எடுத்துவந்து சலித்தேன். மாவரிப்பில் மரத்தூளா என்று அம்மா போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். "அம்மா, ஒனக்கக் கண்ணு விழுந்துட்டு" என்றேன். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். அப்புறம் தன் தையல் மெஷின் இழுப்பறையில் இருந்து குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்துவந்து நீட்டினாள். மரம் காந்தத்தில் ஒட்டாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு விரலால் தேடினேன். மூன்றாவது சலிப்பில் கிடைத்தது. ஊசி முனையில் ஃபெவிக்விக் தொட்டு இடத்தில் வைத்தேன். உற்றுப் பார்த்தால் அந்தக் கண்ணில் வெளிச்சம் ஒரு மயிரிழை கீழே இருக்கும்.

மூன்றாவது ஞாயிறு மாலை கடைசித் துண்டு விழுந்தது. ஒடிந்த பிளேடு ஒன்பது. டேப்பை உரித்து, 220 நம்பர் உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, ஆர்வம் தாங்காமல் பலகையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.

பேய். வேறு வார்த்தை இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எரியும் ஓட்டை, வாய்க்குக் கீழே வெளிச்சம், கன்னமெல்லாம் கரி. மூன்று மாத உழைப்பு கையில் இப்படி நிற்கிறதே என்று வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் பத்மநாபபுரம் நினைவு வந்தது.

எங்களுக்கு அரண்மனை இரண்டு கிலோமீட்டர். சின்ன வயதில் இருந்து போய்க்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியதும் உண்டு. 1956-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில்தான் இருக்கிறது. டிக்கெட்டில் மலையாளத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். எல்லோரும் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் கூரையில் செதுக்கிய 90 விதப் பூக்களைக் கழுத்து வலிக்கப் பார்ப்பார்கள். எனக்கு அந்த மர அழிகள்தான், அதாவது இடைவெளி விட்ட மரத் தடுப்புகள்தான், பிடிக்கும். உள்ளே இருந்தால் வெளியே நடப்பது தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளிருந்து பார்க்கும்போது மரம் கறுப்பு, ஓட்டை வெளிச்சம். நான் செய்தது அதன் நேர்எதிர்: மரம் வெளிச்சம், ஓட்டை இருட்டு. ஜன்னலில் தூக்கிப் பிடித்து அம்மாவை அழியாக்கிவிட்டேன்.

பலகையைக் கட்டிலில் விரித்திருந்த கருநீலப் போர்வையில் வைத்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரத்துக்கு மேல்பூச்சாகச் சீலர் அடிப்பதை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரஷ் மட்டும் வேண்டாம், முடி ஓட்டைகளில் மாட்டிப் பாலத்தை இழுக்கும்; தட்டில் ஊற்றி முக்கி எடுங்கள். நான் பின்பலகைக்குக் கறுப்பு அடித்தேன், ஒட்டாமல் சேர்த்து வைத்துத் திண்ணையில் சாய்த்தேன், மாமி வந்தாள்.

மாமி போன பிறகு அம்மா வெளியே வந்து முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இந்தக் கறுப்ப மாத்து" என்றாள்.

"இருட்டா ஏதாவது வேணும்மா, இல்லேன்னா மொகம் தெரியாது."

"கறுப்பு ஒண்ணுதான் இருட்டா?"

கட்டிலுக்கடியில் இருந்து தகரப் பெட்டியை இழுத்தாள். நாற்பது வருட வெட்டுத் துணி. ஒவ்வொன்றாக எடுத்துப் பலகைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். கரும்பச்சையில் காய்ச்சல் வந்தவள் மாதிரி இருந்தாள். கருநீலம் எனக்குப் பிடித்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. பெட்டியின் அடியில் அரக்கு நிறத்தில் ஒரு முழு ரவிக்கைத் துணி, வெட்டாமல் மடித்தபடியே. பின்னால் வைத்ததும் மரத்தின் நிறமே மாறியது, பலகை தோலாகிவிட்டது. யாருடைய துணி என்று கேட்டேன்.

"தைக்கக் குடுத்துட்டுப் போனவ வரவே இல்ல. வந்து கேட்டா குடுத்துருவோம்."

துணியைப் பின்பலகையில் அவளே இழுத்து ஒட்டினாள், ஒரு சுருக்கம் இல்லாமல். நான் முன்னறையில் ஆணி அடித்து மாட்டினேன். தையல் மெஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெளிச்சம் தெத்தா வருது."

தெத்து என்றால் தப்பு. எது தப்பு என்று எனக்குப் புரியவில்லை. படத்தில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து விழுகிறது. நான் மாட்டிய சுவரில் ஜன்னல் வலப்பக்கம். அதைச் சொல்கிறாள். ஆணியைப் பிடுங்கி எதிர்ச்சுவரில் அடித்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, நிஜ ஜன்னலும் பலகைக்குள் இருந்த ஜன்னலும் ஒரே பக்கமிருந்து அவள் கன்னத்தில் வெளிச்சத்தைப் போட்டன.

அந்த வாரமே மாமி திரும்ப வந்தாள், இந்தத் தடவை விசாரிக்க இல்லை, பார்க்க. கட்டன் குடித்து முடிக்கும்வரை பார்த்தாள். மூக்கு கொஞ்சம் கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள்.